வெள்ளிக்கிழமை ஆகாது

சங்கரியை உள்ளே விட்டுவிட்டுக் கதவு தானாகவே மெல்ல வந்து சாத்திக்கொண்டது. இப்பவாவது எழுந்திரு, எழுந்து போய்ச் சொல்லு, டாக்டரம்மா முதலில் கை கழுவுவாள், கண்ணாடியைத் துடைத்து மாட்டுவாள், அதற்குள் கதவைத் தட்டி ஒரு நிமிஷம் டாக்டர் என்று சொன்னால் ஆச்சு, என்று மனசு பிடித்துத் தள்ளியது. உலகம்மை எழுந்திருக்கவில்லை. மகள் கொடுத்துவிட்டுப் போன கைப்பையை மடியில் வைத்து, அதன் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். பாளையங்கோட்டையில் இந்தத் தோல் ஆஸ்பத்திரி மாடியில் வெயில் காலம் மழைக்காலம் என்று பேதமில்லை, ஏசியைப் போட்டு ஆளை விறைக்க வைப்பார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்தினாலும் குளிர் கால் வழியாக ஏறியது. எதிர்ச்சுவரில் ஒரு படம். உரித்த முட்டை மாதிரி மோவாயை வைத்துக்கொண்டு ஒருத்தி சிரிக்கிறாள். வந்த நாளிலிருந்தே அந்தப் படம் உலகம்மைக்குப் பிடிக்காது. சிரிக்கிறதைப் பாரு, இவளுக்கென்ன, இவள் அம்மை இவளுக்கு ஒரு கெடுதலும் பண்ணியிருக்க மாட்டாள். அப்படி நினைத்ததுமே ஆட்டோவில் வரும்போது சங்கரி சொன்னது திரும்பவும் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள், அழக்கூட இல்லை. "ஏம்மா, இன்னைக்கு டாக்டர் சொல்லத்தான் போறாங்க, உன் உடம்புக்குக் கேக்கலைம்பாங்க. அப்படிச் சொன்னாங்கன்னா மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிரு. தை மாசம் மேடையில உக்காரணும், அந்த லைட்டு வெளிச்சத்துல கேமராக்காரன் கிட்டக் கிட்ட வந்து எடுப்பான். என்னால முடியாது. அதுக்கப்புறம் அவங்க வீட்டு பாத்ரூம்ல தெனமும் விடியக்காலம் கதவப் பூட்டிக்கிட்டுச் சவரம் பண்ணணும். அது அதவிட முடியாது." இதற்கு ஒரு தாய் என்ன சொல்ல வேண்டும், எவ்வளவு சொல்லலாம், ஆனால் உலகம்மை வாயில் வந்தது "சும்மா கெட, எதையாவது பேசிக்கிட்டு" என்ற ஒன்றுதான். உன் உடம்புக்குக் கேக்கலை. அந்த வார்த்தைதான் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டு வெளியே வர மாட்டேன் என்கிறது. உடம்புக்குக் கேட்காமல் எங்கே போச்சு, கேட்டிருக்கும், நன்றாகவே கேட்டிருக்கும். பிள்ளையின் உடம்பு ஒரு தப்பும் பண்ணவில்லை. இது உலகம்மை பண்ணின காரியம்.

எப்படித்தான் தைரியம் வந்ததோ. யோசித்துப் பார்த்தால் தைரியமே இல்லை, பயம்தான். பயந்தாங்கொள்ளி பண்ணுகிற அக்கிரமத்துக்கு முன்னால் தைரியசாலி எல்லாம் எம்மாத்திரம். சங்கரிக்குத் தாடையில், மோவாய்க்குக் கீழே, காதோரமாக முடி வர ஆரம்பித்தது காலேஜ் முடிக்கிற சமயம். நூல் போட்டாள், மெழுகு போட்டாள், குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் உலகம்மையே அரைத்துப் பூசிவிட்டாள், போவேனா என்றது. கூட்டுறவு வங்கியில் வேலைக்குப் போய்ச் சம்பளம் கைக்கு வந்த பிறகு தானாகவே விசாரித்து இந்த லேசர் வைத்தியத்துக்கு வந்தாள். முதல் தடவை தனியாகத்தான் வந்தாள். ரெண்டாவது தடவை, ஒரு புதன்கிழமை, உலகம்மையும் கூட வந்து உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்னதை எல்லாம் இந்தக் காதாலேயே கேட்டாள். அதுதானே இப்போது கொல்கிறது, கேட்காமல் பண்ணியிருந்தால் தெரியாமல் பண்ணினேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். டாக்டரம்மா சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள்: "எல்லா முடியும் ஒரே நேரத்துல முளைக்காதும்மா. கொஞ்சம் முளைச்சு நிக்கும், கொஞ்சம் உள்ள தூங்கும். முளைச்சு நிக்கிறது மேலதான் இந்த ஒளி வேலை செய்யும், தூங்குறது தப்பிச்சிரும். அது எழும்புற நேரம் பார்த்து அடுத்த தடவை வரணும். அஞ்சு வாரம், மிஞ்சிப் போனா ஆறு வாரம். விட்டு விட்டு வந்தா வராததுக்குச் சமம். நடுவுல நூல் போடாதீங்க, பிடுங்காதீங்க, வேர் இருந்தாத்தான் ஒளி பிடிக்கும். வெயில்ல அலையாதீங்க. முடி தெரிஞ்சா சவரம் மட்டும் பண்ணிக்கலாம்." பொம்பளைப் பிள்ளை முகத்தில் சவரக் கத்தியா என்று கேட்க நினைத்தும் உலகம்மை தலையை ஆட்டினாள். எல்லாவற்றுக்கும் ஆட்டினாள். வெளியே வந்து, முன் மேஜையில் தேதி குறிக்கிற பெனிட்டாவிடம் அடுத்த தேதி கேட்டபோதுதான் பூதம் புறப்பட்டது. இந்த டாக்டரம்மா நாகர்கோவிலிலிருந்து வருகிறவள். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும்தான் வருவாள். எப்போதாவது, அவளுக்குத் தோதுப்பட்டால், ஒரு புதன்கிழமை.

செவ்வாயும் வெள்ளியும். பாருங்கள் கூத்தை, வாரத்தில் எத்தனை நாள் கிடக்கிறது, பொம்பளை முடியில் கை வைக்கக் கூடாது என்று எந்த ரெண்டு நாளை ஒதுக்கி வைத்திருக்கிறதோ சரியாக அந்த ரெண்டு நாள்தான் இந்த மகராசிக்கு வாய்த்தது. முதல் தடவை சங்கரி வெள்ளிக்கிழமைதான் வந்திருக்கிறாள், அது அப்புறம்தான் தெரிந்தது, தெரிந்த அன்றைக்கு உலகம்மை குலசாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். மகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் சங்கரி என்ன சொல்லுவாள் என்று தெரியும், உனக்கு வேற வேலை இல்லையாம்மா என்பாள், சிரிப்பாள், அதோடு முடிந்துவிடும், வெள்ளிக்கிழமையே போவாள். அதனால் சொல்லவில்லை. சொல்லாமலே காரியம் நடக்கிற மாதிரி வழியும் கையிலேயே இருந்தது. வங்கியில் போன் மேஜை மேலேதான் கிடக்கும், முடி எடுக்கிற ஆஸ்பத்திரியிலிருந்து மெசேஜ் வந்தால் பக்கத்துச் சீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள் என்று கூச்சப்பட்டுக்கொண்டு, சங்கரி இங்கே தன் நம்பரைக் கொடுக்கவில்லை, அம்மாவின் நம்பரைக் கொடுத்திருந்தாள். நம்பிக் கொடுத்தாள். உன்கிட்ட இருந்தா பத்திரம்மா என்று சொல்லித்தான் கொடுத்தாள். பாவி, அந்த நம்பரை வைத்துக்கொண்டு என்ன பண்ணினாய். பெனிட்டா முந்தின நாள் போன் பண்ணி, ஆன்டி நாளைக்கு அக்காவுக்கு அப்பாயின்ட்மென்ட் என்பாள். இவள், நாளைக்கு வசதிப்படாது தாயி, வேற நாள் பாரு, புதன்கிழமை டாக்டர் வந்தாங்கன்னா சொல்லு, அன்னைக்கு அஷ்டமி நவமி இல்லாம பாத்துக்க என்பாள். சாயங்காலம் சங்கரி வந்ததும், நாளைக்கு டாக்டர் வரலையாம்ளா, ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துது என்பாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்லுவாள், சொல்லிக்கொண்டே தோசையைத் திருப்பிப் போடுவாள். சங்கரி சட்டென்று வாடிப் போவாள். சரிம்மா, அவங்களுக்கு என்ன வேலையோ என்று கைப்பையிலிருந்த லீவு லெட்டரை எடுத்துக் கசக்கிப் போடுவாள். ஒரு தடவை தள்ளினால் போதும் என்றுதான் ஆரம்பித்தது. அப்புறம் அந்தப் புதன்கிழமை அமாவாசையாக வந்தது, அடுத்தது ஆடிக் கிருத்திகையாக வந்தது, அதற்கு அடுத்தது டாக்டரம்மாவே வரவில்லை, அது மட்டும் நிஜம். அஞ்சு வாரம் மாதக் கணக்காக நீண்டது. தூங்கின முடி எல்லாம் சாவகாசமாக எழுந்து உட்கார்ந்துகொண்டது. சங்கரி கண்ணாடிக்கு முன்னால் நின்று தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, எல்லாருக்கும் குறையுதும்மா, எனக்குத்தான் குறையவே மாட்டேங்கு என்பாள். அப்போது உலகம்மை அடுக்களைக்குள் போய்விடுவாள். அடுக்களையில் எப்போதும் ஏதாவது வேலை இருக்கும், இல்லாவிட்டாலும் உண்டாக்கிக்கொள்ளலாம்.

பெனிட்டா யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு அம்மா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். சரி, இந்த அம்மா வெளியே வரட்டும், அவள் வந்ததும் எழுந்து போய்க் கதவைத் தட்டிச் சொல்லிவிடலாம். இதையும் தள்ளிப் போடுகிறாயே என்று மனசு காறித் துப்பியது. ஆமாம், தள்ளிப் போட்டுத்தானே பழக்கம். உலகம்மையின் கை தன்னையறியாமல் முகத்துக்குப் போய் மோவாயைத் தடவியது. விரல் நுனிக்கு ஒன்று தட்டுப்பட்டது, காலையில் பிடுங்காமல் விட்டுப்போன முடி, குத்துகிற மாதிரி. சங்கரியின் தாடையில் முடி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. யாருக்கும் தெரியாது. ஆறுமுகநயினாருக்கே தெரியாது, இத்தனை வருஷம் ஒரே வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், தன் பெண்டாட்டி ஏன் தினமும் தனக்கு முன்னால் எழுந்து குளித்துவிடுகிறாள் என்று அந்த மனுஷனுக்கு ஒரு சந்தேகம் வந்ததில்லை, பக்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். முடி பிடுங்குகிற சின்ன இடுக்கி ஒன்று, மாடத்தில் சீயக்காய் டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதிலிருந்து அந்த இடத்தில்தான் இருக்கிறது. மகளுக்கு முதல் முதலாகத் தாடையில் கறுத்தபோது, அழாத, எனக்கும் உண்டு, நான் இப்படித்தான் சமாளிக்கேன் என்று அந்த இடுக்கியை எடுத்துக் காட்டியிருக்கலாம். அதையும் காட்டவில்லை. உனக்கு எங்கிருந்துட்டி இது வந்துது என்று கேட்டாள். அப்படியே கேட்டாள், வாய் கூசாமல். சங்கரி எனக்கென்ன தெரியும் என்று அழுதாள். பெத்த பிள்ளையிடம் எவள் இப்படிக் கேட்பாள்.

இடுக்கி என்று நினைத்தால் அந்த வெள்ளிக்கிழமை வந்துவிடும், அதை நினைக்கக் கூடாது என்றுதான் நினைப்பாள், அது எங்கே கேட்கிறது. சங்கரிக்குப் பிறகு ஒரு பையன். விடியக்காலம் வலி எடுத்தது. ஆறுமுகநயினார் வண்டி பிடிக்க ஓடினார். வண்டி வாசலுக்கு வந்து நின்றது, வா வா என்கிறார்கள், உலகம்மை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் இருங்க என்று குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். ஆஸ்பத்திரியில் படுக்கப் போடுவார்கள், நர்ஸ் குனிந்து முகத்தைப் பார்ப்பாள், மேலே லைட் எரியும். அந்த வலியிலும் அவளுக்கு அதுதான் கவலை. சுவரைப் பிடித்துக்கொண்டு, வலி வந்தால் நிறுத்தி, விட்டால் பிடுங்கி, அவசர அவசரமாக எல்லாவற்றையும் எடுத்தாள். வெளியே வந்த பிறகுதான் பூஜை அறையில் விளக்கு எரிவதைப் பார்த்தாள், அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று உறைத்தது. பையன் பிறந்து மூச்சே விடவில்லை. கொடி கழுத்தில் சுற்றிக்கொண்டது என்று டாக்டர் சொன்னார், ஆறுமுகநயினாரும் அதைத்தான் எல்லாரிடமும் சொன்னார், உலகம்மையும் அதைத்தான் சொன்னாள். கொடிதான். கொடி என்று அவளுக்கும் தெரியும், அவள் என்ன படிக்காதவளா, பிளஸ் டூ பாஸ் பண்ணினவள். தெரிந்து என்ன பண்ண, தெரிகிறது ஒரு பக்கம் இருக்கிறது, பயம் வேறொரு பக்கம் இருக்கிறது, ரெண்டும் இன்றுவரை முகம் பார்த்துப் பேசிக்கொண்டதில்லை. ஒரு உயிரைக் கொடுத்தாச்சு, இந்த ஒருத்தியாவது நல்லா இருக்கட்டும் என்று வெள்ளிக்கிழமைகளைத் தள்ளினாள். நல்லா இருக்கட்டும் என்று பண்ணிப் பண்ணித்தான் இந்தப் பிள்ளை இன்றைக்குக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் வந்து நிற்கிறது.

அதுவும் பிடிக்காத கல்யாணமா என்றால் அதுவும் இல்லை. மாப்பிள்ளை சிவசைலம் மின்சார வாரியத்தில் இருக்கிறான், தென்காசி. பெண் பார்க்க வந்த அன்றைக்குச் சங்கரி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, வெளிச்சம் முகத்தில் விழாத நாற்காலியாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தாள். உலகம்மை அதைக் கவனித்தாள், கவனித்துவிட்டுப் பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பையன் முகத்தைப் பார்த்தானோ என்னவோ, போகும்போது உங்களுக்கு இருட்டு பிடிக்குமோ, எங்க ஆபீஸ்ல சொல்லி அடிக்கடி கரண்டு கட் பண்ணச் சொல்லுதேன் என்றானாம். சங்கரி அன்றைக்கு ராத்திரி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை உலகம்மை எவ்வளவு காலம் கழித்துக் கேட்டாள். இப்போதும் போன் வந்தால் மாடிப்படியில் உட்கார்ந்து பேசுவாள், இடையில் அந்தச் சிரிப்பு வரும், வந்த கையோடு விரல் தாடைக்குப் போகும், சிரிப்பு நின்றுவிடும். தை மாதம் முகூர்த்தம் குறித்தாச்சு, மண்டபம் சொல்லியாச்சு. குறித்த முகூர்த்தத்தை வேண்டாம் என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா, பெண்ணுக்கு என்ன குறையோ என்று பேசும். அதற்காக, சரி, நடக்கிறது நடக்கட்டும், மேக்கப்காரி நாலு பூச்சு பூசினால் ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் பிள்ளையைக் கொண்டுபோய் மேடையில் உட்கார வைத்துவிடலாமா? வைத்துவிடலாம். காலமெல்லாம் சங்கரியும் ஒரு மாடம், ஒரு டப்பா, டப்பாவுக்குப் பின்னால் ஒரு கத்தி, புருஷனுக்கு முன்னால் எழும்புகிறது என்று இருந்துகொள்வாள். உலகம்மை இருக்கவில்லையா. ஐயோ, இருந்தாளே. அதுதான் வேண்டாம் என்று இருக்கிறது.

உள்ளேயிருந்து நர்ஸ் ஒருத்தி ஐஸ் எடுக்க வெளியே வந்தாள். கதவு மெல்ல மெல்லத்தான் சாத்தும், பாதியில் டாக்டரம்மாவின் குரல் தெளிவாக விழுந்தது. "சங்கரி, கோவிச்சுக்காதீங்க. உடம்பு மேல பழியப் போடாதீங்க. வர்ற தேதிய எல்லாம் நீங்க மாத்திக்கிட்டே இருந்தா நான் என்ன பண்ணுவேன்?" உலகம்மைக்குக் காது அடைத்தது. ஏசிச் சத்தம்கூட நின்ற மாதிரி இருந்தது. இப்போது சங்கரி நானா மாத்தினேன் என்று கேட்பாள், நீங்கதானே வரலைன்னு சொன்னீங்க என்று கேட்பாள், கேட்ட உடனே எல்லாம் உடைந்து போகும், உடையட்டும், அதுவாகவே உடைந்தால் தான் போய்ச் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு கேவலமான நிம்மதிகூட அந்தக் கணத்தில் எட்டிப் பார்த்தது, அதை உலகம்மை மறைக்கப் பார்த்தும் முடியவில்லை. கதவு சாத்தப் போகிற நேரத்தில் சங்கரியின் குரல் வந்தது, தாழ்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக. "ஆமா டாக்டர். நான்தான் மாத்தினேன். பேங்க்ல வேலை ஜாஸ்தி. சாரி டாக்டர்." கதவு சாத்திக்கொண்டது.

தெரிந்துவிட்டது. அந்த இடைவெளியில் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. போன் யாரிடம் வரும், யார் வந்து என்ன சொன்னார்கள், எல்லாம் கூட்டிப் பார்த்திருப்பாள், வங்கியில் வேலை பார்க்கிறவளுக்குக் கூட்டத் தெரியாதா. கூட்டிப் பார்த்துவிட்டு அம்மாவைக் காட்டிக் கொடுக்காமல் தான் வாங்கிக்கொண்டாள். அடித்திருந்தால் வலித்திருக்காது. உலகம்மைக்கு அழுகை வந்தது, ஆனால் இங்கே அழுதால் பெனிட்டா ஓடி வந்து ஆன்டி என்ன ஆச்சு என்பாள், ஆறுதல் சொல்லுவாள், அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ள என்ன யோக்கியதை இருக்கிறது என்று அடக்கினாள். உள்ளே மெஷின் ஓட ஆரம்பித்தது. டிக், டிக் என்று விட்டு விட்டு ஒரு சத்தம். முடி கருகுகிற வாடை கதவிடுக்கு வழியாக லேசாக வந்தது. ஊசி குத்துகிற மாதிரி இருக்கும்மா, ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி என்று சங்கரி முன்பு சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு டிக்குக்கும் உலகம்மையின் தோள் தூக்கிப் போட்டது. இந்தச் சூட்டை எல்லாம் அவள் வீணாகத்தானே தாங்கினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பத்தரை தாண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை, ராகு காலம் ஆரம்பித்துவிட்டது. இந்தத் தேதியைச் சங்கரி தானாகவே ஆபீஸிலிருந்து போன் பண்ணி, பெனிட்டா இல்லாத நேரம் வேறு யாரிடமோ வாங்கியிருந்தாள், நேற்று ராத்திரிதான் சொன்னாள், தடுக்க உலகம்மைக்கு நேரமும் இல்லை, துணிச்சலும் இல்லை. வழக்கமாக இந்நேரத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இன்றைக்கும் அடித்துக்கொள்கிறதுதான், ஆனால் ராகு காலத்துக்காக இல்லை. உள்ளே இருக்கிறவள் வெளியே வருவாளே, அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்காக.

வந்தாள். தாடை சிவந்து, ஐஸ் வைத்த ஈரம் மினுங்கியது. கைப்பைக்காகக் கையை நீட்டவில்லை, அம்மா பக்கம் திரும்பவும் இல்லை, நேரே பெனிட்டாவிடம் போய் நின்றாள். உலகம்மை பின்னாலேயே போனாள், ரெண்டடி தள்ளி. பெனிட்டா டாக்டர் எழுதின சீட்டைப் பார்த்துவிட்டு, பின்னால் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரின் தாள்களைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"அஞ்சு வாரம்னா வெள்ளிக்கிழமை வருதே அக்கா. அஷ்டமி வேற. உங்களுக்கு ஆகாதுல்லா? முந்தின செவ்வாயும் ஆகாது. புதன்கிழமை டாக்டர் எப்போ வருவாங்கன்னு தெரியலையே."

"எனக்கு ஆகாதா?" என்றாள் சங்கரி.

"ஆமாக்கா, ஆன்டி சொல்லுவாங்கல்லா, எங்க பிள்ளை நாள் கிழமை ரொம்பப் பாக்கும்னு. உங்களுக்காகத்தானே இந்தக் காலண்டரையே வாங்கி மாட்டினேன். எங்க வீட்டுல பைபிள் வசன காலண்டர்தான். இப்போ எனக்கே அஷ்டமி நவமி எல்லாம் மனப்பாடம்." சொல்லிவிட்டுக் கள்ளமில்லாமல் சிரித்தாள் அந்தப் பிள்ளை.

சங்கரி அந்தக் காலண்டரைப் பார்த்தாள். ராகு காலம், எமகண்டம், சூலம், மேலே ஒரு விநாயகர். அப்புறம்தான் அம்மாவைப் பார்த்தாள்.

"எல்லாத் தடவையுமா?"

"டாக்டர் நெசமாவே வராத அந்த ஒரு புதன்கிழமையத் தவிர எல்லாத் தடவையும்," என்றாள் உலகம்மை. குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "உன் உடம்புல ஒரு கோளாறும் இல்லட்டி. கோளாறு பண்ணினது நான். வெள்ளிக்கிழமைன்னு பயந்தேன். பயந்து உங்கிட்டப் பொய் சொன்னேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லியிருக்கலாம்."

"நான் தெனமும் கண்ணாடி முன்னால நின்னு என்னையத்தாம்மா திட்டிக்கிட்டு இருந்தேன்." சங்கரி துப்பட்டா நுனியால் தாடை ஈரத்தை ஒற்றினாள். "இந்த உடம்ப வச்சிக்கிட்டு எதுக்கு ஒருத்தன் தலையில போய் விழணும்னு. தெனமும்."

உலகம்மைக்குத் தெரியும். அடுக்களையிலிருந்து தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மன்னிச்சுக்கோ என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் பிள்ளை சரி என்று சொல்ல வேண்டியிருக்கும், அந்தச் சுமையையும் அவள் தலையில் ஏற்றுவானேன் என்று விழுங்கிக்கொண்டாள். பெனிட்டா பேனாவைப் பிடித்தபடி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், ஏதோ உளறிவிட்டோம் என்று அவளுக்கும் முகம் சுண்டிப் போனது. "பெனிட்டா, அந்த வெள்ளிக்கிழமையே போடு தாயி," என்றாள் உலகம்மை. "அஷ்டமி, ஆன்டி." "இருக்கட்டும். அதுக்கப்புறமும் டாக்டர் சொல்லுத கிழமையே போடு. எங்கிட்டக் கேக்காத. என் நம்பர அழிச்சிட்டு அவ நம்பர எழுதிக்க." சங்கரி நம்பரைச் சொன்னாள். கூச்சப்பட்டு மெதுவாகச் சொல்லவில்லை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

மாடிப்படியில் இறங்கும்போது வெளியே ஐப்பசி மழை பிடித்திருந்தது. கீழ்ப்படியில் ஆட்டோவுக்காக நின்றார்கள். சங்கரி துப்பட்டாவைத் தாடைவரை சுற்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் நின்றாலும் பக்கத்தில் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் நல்ல நேரம் பார்த்து, அவரையும் வைத்துக்கொண்டு பேசலாம் என்று உலகம்மையின் மனசு பழைய தடத்தில் போய் நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்கே அருவருப்பாகப் போய்விட்டது. இடுப்பிலிருந்த போனை எடுத்தாள்.

"சம்பந்தி வீட்டுக்குப் பேசப் போறேன். வேண்டாம்னு சொல்லவா, தள்ளி வைங்கன்னு சொல்லவா? நீ சொல்லு. நீ சொல்லுததத்தான் சொல்லுவேன்."

ஒரு பஸ் தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போனது.

"ஒழுங்கா வந்தா ஆடிக்குள்ள நல்லாக் குறையும்ங்காங்க. முழுசாப் போகாது, குறையும்," என்றாள் கடைசியில், ரோட்டிடம் சொல்வது மாதிரி.

"அப்போ ஆவணியில வைக்கலாமான்னு கேக்கட்டா?"

"கேளு." கொஞ்சம் கழித்து, "காரணம் என்ன சொல்லுவ? என்னையப் பத்திச் சொல்லுவியா?"

"என்னையப் பத்திச் சொல்லுவேன்."

"முடி விஷயத்த நீ சொல்ல வேண்டாம். அவர்ட்ட நானே சொல்லிக்கிடுதேன்," என்றாள் சங்கரி. அவர்ட்ட என்று சொன்னபோது குரல் ஒரு நூலிழை இளகியது, உடனே இறுக்கிக்கொண்டாள். அம்மாவைப் பார்க்கவில்லை. பார்ப்பாளா, எப்போது பார்ப்பாள் என்று உலகம்மைக்குத் தெரியவில்லை, கேட்கிற உரிமையும் இல்லை. குறித்த முகூர்த்தத்தை மாற்று என்று கேட்கப் போகிறாள், உலகத்திலேயே மாற்றக் கூடாதது என்று அவள் நினைத்த ஒன்று அதுதான். சம்பந்தியம்மாளின் பெயரைத் தேடி அழுத்திக் காதில் வைத்தாள். மணி அடிக்க ஆரம்பித்தது.

"அம்மா," என்றாள் சங்கரி. "இப்போ ராகு காலம்."

குத்திக் காட்டுகிறாளா, பரிதாபப்படுகிறாளா, தெரியவில்லை.

"தெரியும்," என்றாள் உலகம்மை. மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். அவள் மோவாயைத் தடவிக்கொண்டிருந்த கையைக் கீழே இறக்கினாள்.

"மைனி, நான் உலகம்மை பேசுதேன். ஒரு தப்பு பண்ணிட்டேன், அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."